மூச்சுப் பொருத்தம்

கடலுக்கு அடியில் போய், பொண்டாட்டி விடுகிற காற்றுக்குமிழியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவனை என்னவென்று சொல்வது? லோகநாதன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியை மச்சினன் கையில் விட்டுவிட்டு, பெரிய விமானம் குட்டி விமானம் என்று மாறி மாறி ஏறி, மாலத்தீவின் தெற்குக் கோடியில், கப்பலிலேயே தின்று கப்பலிலேயே தூங்கி, ஒரு வாரம் முழுக்கத் தீவு தீவாக முங்கி எழுவதற்கென்றே வந்த மனுஷன். எதிரே பவழப்பாறை மதில்சுவர் மாதிரி இறங்கிக்கொண்டே போகிறது. மஞ்சள் மீன்கள் கும்பல் கும்பலாய்த் திரும்புகின்றன, கிளிமூக்கு மீனொன்று பவழத்தைக் கடித்துத் தின்கிற சத்தம் நன்றாகவே கேட்கிறது, ஒரு ஆமை அவனை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தாண்டிப் போகிறது. எதுவும் கண்ணில் ஏறவில்லை. கூப்பிடு தூரத்தில், இங்கே யார் யாரைக் கூப்பிட முடியும், சரி, கூப்பிடு தூரத்தில் சுகந்தி மிதக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் அந்த டாக்டர் மிதக்கிறான். இவள் தலைக்கு மேல் ஒரு கொத்து குமிழி, அவன் தலைக்கு மேல் ஒரு கொத்து. மேலே போகப் போக அவை பெருத்து, அகன்று, ஓரிடத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அந்த இடம்தான். அதை விட்டு அவன் கண் நகரமாட்டேன் என்கிறது. உன்ற பொண்டாட்டி விட்ட மூச்சும் அவன் விட்ட மூச்சும் கலந்து போகுது பாரு, நல்லாப் பாரு, இதுக்குத்தானே இத்தனை தூரம் வந்தே. அப்படி நினைத்ததும் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தான். வாயில் கடித்திருந்த ரெகுலேட்டர் உஸ்ஸென்றது. விட்டபோது காதோரம் அண்டாவில் தண்ணீர் கொதிக்கிற மாதிரிக் கடகடவென்று சத்தம். போச்சு. இப்படி ஒரு மூச்சு விட்டால் முதுகிலிருக்கும் சிலிண்டரில் எத்தனை காலியாகும் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தும் அடக்க முடியவில்லை.

எல்லாம் அந்த நிரோஷன் பண்ணின வேலை. நிரோஷன் திருகோணமலைக்காரன், கப்பலில் வந்தவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகிற ஆள். முதல் நாள் அவன் வாயிலிருந்து தமிழ் வந்ததும் லோகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை, தோளில் கைபோட்டு போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டான். அந்த நிரோஷன்தான் நேற்றுச் சாயங்காலம், எல்லாரும் மேல்தளத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, ஏதோ சமையல்காரன் நாளைக்கு மீனா கோழியா என்று கேட்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னான். "அண்ணை, உங்கட காத்து கெதியா முடியுது. உங்களுக்கு முடிஞ்சா அக்காவும் ஏறோணும், சட்டம் அப்பிடி. அவவின்ட சிலிண்டரில பாதிக்கு மேல கிடக்குது, வீணாத்தான் போகுது. டாக்டரின்ட காத்தும் அக்கான்ட காத்தும் ஒரே அளவாத்தான் முடியுது. நாளையிலயிருந்து அவை ரெண்டு பேரும் ஒரு ஜோடி. நீங்கள் எங்கட ஜெர்மன் ஐயாவோட இறங்குங்கோ, உங்க ரெண்டு பேருக்கும் சரியா வரும். விளங்குதோ?" விளங்காமல் என்ன. கடலுக்குள் யாரும் ஒண்டியாகப் போவதில்லை, இரண்டிரண்டு பேராகத்தான் போகவேண்டும், ஒருத்தனுக்குக் காற்று தீர்ந்தால் மற்றவனும் கூடவே மேலே வரவேண்டும், அதனால் மூச்சு ஒத்துப்போகிறவர்களாகப் பார்த்து ஜோடி சேர்ப்பது உலகம் முழுக்க வழக்கம். எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் அவிநாசி ஜோசியர் தினப்பொருத்தம், கணப்பொருத்தம், ரஜ்ஜுப் பொருத்தம் என்று ஒவ்வொன்றாய் விரல் மடக்கி, அமோகமா இருக்குதுங்க, கண்ணை மூடிட்டு முடிக்கலாமுங்க என்று சொன்னாரே, மூச்சுப் பொருத்தம் என்று ஒன்று இருப்பதை அவர் ஏன் சொல்லவில்லை? அதை மட்டும் இந்தத் திருகோணமலைக்காரன் வந்து பார்க்கணுமா, அதுவும் நாலு பேர் நடுவில்? லோகநாதன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "அதுக்கென்னப்பா, தாராளமா." பெரிய மனுஷன் இல்லையா. சுகந்தி தட்டிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தாள். "சரிங்க நிரோஷன்" என்றாள். எவ்வளவு சீக்கிரம் சொன்னாள்? யோசித்துச் சொன்னாளா, காத்திருந்தவள் மாதிரிச் சொன்னாளா? என்ற பக்கம் ஒரு தரம் திரும்பிப் பாத்துட்டுச் சொல்லியிருக்கலாமில்ல? பார்த்தாளோ, அவன்தான் அந்த நேரம் டீயில் குனிந்திருந்தானோ. இந்த ஒரு சந்தேகத்தையே ராத்திரியிலிருந்து பல் இடுக்கில் மாட்டின கீரைத்தண்டாய்த் துழாவிக்கொண்டிருக்கிறான்.

டாக்டர் பேர் ஆல்வின். நாகர்கோவில் பக்கம். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்; ஆபரேஷன் நடக்கிற நேரமெல்லாம் அடுத்தவன் மூச்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிற உத்தியோகம். அவனுடைய சம்சாரத்துக்குத் தண்ணீர் என்றாலே பயமாம், வரவில்லையாம். அதெப்படி, பயமாம்? சுகந்திக்கு மட்டும் பயமில்லாமலா இருந்தது? எத்தனை பாடுபட்டு இவளைத் தண்ணிக்குள் இறக்கினோம்! கல்யாண நாளுக்கு அந்தமான் போனபோது, வேணாங்க, நான் கரையிலேயே உக்காந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க என்று சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றவளை, அட வா அம்மிணி நானிருக்கேன்ல என்று இழுத்துக்கொண்டு போனது யார்? முதல் தடவை இறங்கும்போது அவன் விரல்களை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்து ரத்தம் கட்டிப்போயிருந்தது, அதைக் கம்பெனியில் எல்லாரிடமும் காட்டிக் காட்டிச் சிரித்தான். அந்தக் கை இன்றைக்கு மார்புக்குக் குறுக்கே மடிந்து, ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் மாதிரி நிம்மதியாய்க் கிடக்கிறது. யாரையும் பிடிக்கவில்லை. காலை அசைக்கிறாளா என்றே தெரியவில்லை, ஆனால் நகர்கிறாள். லோகநாதனோ ஏறுகிறான், இறங்குகிறான், கையால் தண்ணீரைத் தள்ளுகிறான். இவன் கடலில் இருக்கிறான். அவள் கடலுக்கு வீட்டுக்காரி மாதிரி இருக்கிறாள். அது எப்போது நடந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் நடந்திருக்கிறது.

காலையில் தோணியில் நடந்தது வேறு. கப்பலிலிருந்து முங்குகிற இடத்துக்குக் கூட்டிப்போகிற படகை இங்கேயும் தோணி என்றுதான் சொல்கிறார்கள். தண்ணீரில் குதிக்கும் முன்னால் ஜோடியில் ஒருத்தர் மற்றவரைச் சரிபார்க்கவேண்டும்: சிலிண்டர் திறந்திருக்கிறதா, வார் இறுகியிருக்கிறதா, காற்று ஜாக்கெட் உப்புகிறதா, மாற்றுக் குழாய் கைக்கெட்டுகிற இடத்தில் தொங்குகிறதா. இதுவரை அவளுக்கு அதைச் செய்தது அவன். அவளும் குழந்தைக்குச் சட்டை போடும்போது கையைத் தூக்கி நிற்கிற மாதிரி நிற்பாள். இன்றைக்கு டாக்டர் அவள் முன்னால் நின்று, "சுகந்தி, கொஞ்சம் திரும்புங்க" என்றான். சுகந்தி! திருப்பூரில் எவனாவது அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவானா? பாங்க் மேனேஜரே மேடம் என்கிறான். அவள் திரும்பினாள். அவன் தோள்வாரை இழுத்துப் பார்த்தான். இடுப்பு வாரை இழுத்துப் பார்த்தான். ஒரு தடவை இழுத்தால் போதாதா? இரண்டு தடவை இழுத்தான். லோகநாதனுக்கு இருபது வருஷமாக ஒரே பழக்கம். ஆயிரம் பீஸ் அடுக்கியிருந்தாலும் காலர் தைப்பில் கண்ணி விட்ட ஒரு பீஸ் அவன் கைக்குத்தான் வந்து சேரும், செக்கிங் பண்ணுகிற பெண்கள் பயந்து சாவார்கள். அந்தக் கண் சும்மா இருக்குமா? அவள் சிரித்தாளா என்று பார்த்தது. சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று தெரியவில்லை. அப்போது ஜெர்மன் கிழவர் பின்னாலிருந்து லோகநாதனின் சிலிண்டரைத் தட்டி, ஓகே ஓகே என்று தன் காமிராவைத் துடைக்கப் போய்விட்டார். கீழே வந்த பிறகும் அவர் எங்கேயோ ஒரு பொந்துக்குள் காமிராவை நுழைத்துக்கொண்டு கிடக்கிறார். நமக்கு வாய்ச்ச ஜோடியப் பாரு, அட கெரகமே.

மூச்சை மெதுவா விடு. மெதுவா. அவள் எப்படி விடுகிறாள் என்று பார்த்து அதேபோல் விடு. இழுத்தாள். இவனும் இழுத்தான். அவள் விடவில்லை. இன்னும் விடவில்லை. இவனுக்கு நெஞ்சு முட்டுகிறது, அவள் இன்னும் விடவில்லை. என்னடி பண்றே உள்ள வெச்சுக்கிட்டு? இவன் தாங்கமாட்டாமல் பொளபொளவென்று விட்டு, அடுத்ததை அவசரமாய் இழுத்து, அதையும் விட்ட பிறகுதான் அவள் தலைக்கு மேல் சின்னதாய் ஒரு கொத்து கிளம்பிற்று. கூடவே டாக்டர் தலைக்கு மேலும். கூடவேதானா, இல்லை கொஞ்சம் முன்பின்னா? இன்னொரு தரம் பார்க்கோணும். இன்னொரு தரமும் கூடவேதான். கல்யாணமான புதிதில் விடிகாலையில் விழித்தால், பக்கத்தில் ஆள் இருக்கிற சத்தமே இருக்காது. செத்துகித்துப் போயிட்டாளோ என்று பயந்து மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்த்திருக்கிறான். இளஞ்சூடாய் ஒரு இழை வந்து படும். அவன் விடுகிற குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். அந்த இளஞ்சூட்டு இழை அவனுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது அது குமிழியாய் ஊரறிய மேலே போகிறது, அதைப் பக்கத்தில் இருந்து பார்க்க டாக்டருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. முதல்நாள் சாப்பாட்டின்போது டாக்டர்தான் கேட்டான், "எப்படி சுகந்தி இவ்வளவு கம்மியா காத்து எடுக்கறீங்க? யோகாவா, பிராணாயாமமா?" அவள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "எங்க மாமியார் இருந்த வரைக்கும் மூச்சு விட ஏதுங்க டாக்டர் நேரம்? இருக்கறத வெச்சு ஓட்டிப் பழகிருச்சு" என்றாள். மேசையே சிரித்தது. லோகநாதன்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். சிரித்து முடித்த பிறகுதான் உறுத்திற்று. இதை எங்கிட்ட ஒரு நாளாவது சொன்னாளா? அம்மா போய் மூணு வருஷமாச்சு, இதுவரைக்கும் வாயைத் திறக்காதவ, எவனோ ஒருத்தன் கேட்டதும் மீன்முள் எடுத்துட்டே சொல்லிப்போட்டாளே. இன்னும் என்னென்ன உள்ளே வைத்திருக்கிறாள்? அதையெல்லாம் யாரிடம் சொல்லப் போகிறாள்?

நிரோஷன் திரும்பி வந்தான். இடது உள்ளங்கையில் வலது கை இரண்டு விரலால் தட்டிக் காட்டினான்: காற்று எவ்வளவு இருக்கிறது? ஜெர்மன் கிழவர் பொந்திலிருந்து தலையை எடுக்காமல் விரல்களை விரித்து ஒன்பது காட்டினார். தொண்ணூறு. லோகநாதன் மீட்டரைத் திருப்பிப் பார்த்தான். எழுபது. முழு சிலிண்டர் இருநூறு. எழுபதுக்கு வந்தால் சொல்லிவிடவேண்டும், சொன்னால் நிரோஷன் தோணிக்கு அடையாளமாகப் பலூனை மேலே விட்டு, ஜோடியைச் சேர்த்து அனுப்பிவிடுவான், மற்றவர்கள் பாறையைச் சுற்றி அந்தப் பக்கம் போவார்கள். அந்தப் பக்கம் திருக்கைகள் வரும் என்று காலையில் சொல்லியிருந்தான், ஆளுயரத் திருக்கை, சிறகடித்துத் தலைக்கு மேலேயே போகுமாம். மேலே போய் என்ன செய்வது? தோணியில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு, பிஸ்கட் தின்றுகொண்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அவள் எப்போது வருவாள், எந்த முகத்தோடு வருவாள், மாஸ்க்கைக் கழற்றியதும் முதல் வார்த்தை யாரிடம் பேசுவாள். அவன் பயம் வேறொன்றுமில்லை, இதுதான்: இன்றைக்கு ஒருநாள் அவள் அவனில்லாமல் கடைசிவரை கீழே இருந்து பார்த்துவிட்டால், அது அவளுக்குப் பிடித்துப்போய்விட்டால், அப்புறம் என்றைக்கு அவனோடு பாதியில் மேலே வருவாள்? கண்ணாடிக்குப் பின்னால் நிரோஷனின் கண் காத்துக்கொண்டிருக்கிறது. லோகநாதன் இரண்டு கைகளையும் தூக்கி, ஒரு உள்ளங்கையைப் படுக்கப் போட்டு, இன்னொரு கையை அதற்குக் கீழே நட்டுக்குத்தலாக வைத்துக் காட்டினான். நூறு. கையில் பொய் சொல்வது வாயில் சொல்வதை விடச் சுலபமாகத்தான் இருந்தது. குரல் நடுங்காது. நிரோஷன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் காட்டினான், சரி. காலையில் தோணியில் அவன்தான் சொல்லியிருந்தான், "கீழ ஒருத்தரையொருத்தர் நம்பித்தான் இறங்கிறம், அண்ணை. காத்து விஷயத்தில மட்டும் வெக்கம் பாக்கப்படாது." அவன் நம்பிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

பாறை வளைந்தது. வளைவில் நீரோட்டம் எதிர்த்து வந்தது, காலை உதைக்கவேண்டியிருந்தது, உதைக்க உதைக்க மூச்சு. டாக்டர் கையில் மெல்லிய கம்பி ஒன்று வைத்திருக்கிறான், அதால் எதையோ காட்டினான். சுகந்தி குனிந்தாள். இரண்டு தலையும் பக்கத்தில் பக்கத்தில், கண்ணாடியும் கண்ணாடியும் இடித்துக்கொள்ளும் போல. அப்படி என்னத்தைக் கண்டான் அங்கே? பூச்சியா, புழுவா? அவள் நிமிர்ந்து, சுற்றும்முற்றும் பார்த்து, லோகநாதனைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். வா என்கிறாளா? இல்லை, இவன் எங்கே இருக்கான், பாத்துட்டானா என்று சரிபார்க்கிறாளா? ஆட்டின கைக்கு இவன் பதில் ஆட்டவில்லை. தெரியட்டும். ஊருக்குப் போனதும் போட்டோ அனுப்புகிறேன் பேர்வழி என்று நம்பர் வாங்குவான். வாங்கியிருப்பான். இந்நேரம் ஒரு குரூப் ஆரம்பித்திருப்பார்கள், அதில் லோகநாதனும் இருப்பான், அது ஒப்புக்கு. தனியே ஒன்று ஓடும். குட்மார்னிங், ஒரு பூ, ஒரு மீன். அவள் அடுப்படியில் சாம்பார் கொதிக்கும்போது போனைப் பார்த்துத் தனக்குத்தானே சிரிப்பாள். யாரு அம்மிணி? யாருமில்லீங்க. நாகர்கோவிலில் ஒரு கல்யாணம் வரும். போகோணுங்க, அவ்வளவு தூரம் கூப்பிட்டிருக்காங்க. போவாள். பத்திரமா போயிட்டு வா என்று இவன்தான் பஸ் ஏற்றிவிடுவான். சே, என்னடா இது, நாற்பத்தாறு வயசு, பொண்ணு பிரியா காலேஜ் முடிக்கப் போறா, புத்தி போற போக்கைப் பாரு. அந்த மனுஷன் பூச்சியைக் காட்டினார், இவ பாத்தா, அவ்வளவுதானே. அவ்வளவுதானா? அப்ப ரெண்டு குமிழியும் ஒண்ணா எப்படிக் கிளம்புது? அதைச் சொல்லு. மீட்டரைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது, பார்க்கவில்லை. பார்த்தால் நிஜமாகிவிடும். நல்லவேளையாக அந்த நேரம் திருக்கையும் வந்தது. நீலத்துக்குள்ளிருந்து கறுப்பாய், அகலமாய், வயிறு வெளுப்பாய் நேரே வந்தது. நிரோஷன் கம்பியால் சிலிண்டரைத் தட்டித் தட்டிக் காட்டினான். சுகந்தி இரண்டு கைகளையும் விரித்தாள். அவள் அப்படிக் கை விரித்து அவன் பார்த்ததே இல்லை. திருக்கை அவள் தலைக்கு மேலே போயிற்று, நிழல் அவள் மேல் விழுந்து நகர்ந்தது. லோகநாதன் திருக்கையைப் பார்க்கவில்லை, அவள் கை டாக்டர் மேல் படுகிறதா என்று பார்த்தான். படவில்லை. ஒரு சாண் இருந்தது.

அடுத்த மூச்சு இழுக்க வரவில்லை. வந்தது, ஆனால் உறிஞ்ச வேண்டியிருந்தது, பாட்டிலின் அடியில் கிடக்கிற கடைசி வாய் ஜூஸை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி. மீட்டரைத் திருப்பினான். முள் சிவப்புக் கோட்டுக்கும் கீழே போய்ப் படுத்திருந்தது. சாமி. ஜெர்மன் கிழவர்? வளைவுக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டார், காணவில்லை. நிரோஷன் திருக்கைக்குப் பின்னால், தூரத்தில். கிட்டே இருந்தது டாக்டர்தான். லோகநாதன் கழுத்துக்குக் குறுக்கே கையால் அறுத்துக் காட்டினான், காற்றில்லை. டாக்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மார்பில் தொங்கிய மஞ்சள் குழாயை, ஆபத்துக்கென்று எல்லாரும் வைத்திருக்கிற மாற்றுக் குழாயை, பிடுங்கி இவன் வாய்க்கு நேரே நீட்டினான். வாங்கிக் கடித்தால் தீர்ந்தது. சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். லோகநாதன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். ஏன் தட்டினான்? உன்ற மூச்ச நான் வாங்கோணுமா? உன்னோடதயா? நினைத்தானோ இல்லையோ, கை தட்டிவிட்டது, வேண்டாத சாப்பாட்டை இலையோடு தள்ளுகிற மாதிரி. உடம்பு அவனைத் தாண்டிப் போயிற்று. சுகந்திக்கும் அவனுக்கும் நடுவே இருந்த தூரம், வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் இருக்கிற தூரம்தான். அதற்குள் நெஞ்சு எரிந்து, கண்ணோரம் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது முறை உறிஞ்சினான். ஒன்றுமில்லை. பொண்ணு முகம் வரவில்லை, அம்மா முகம் வரவில்லை, ஒரு சாமியும் வரவில்லை. அவள் மட்டும்தான் தெரிந்தாள், திரும்பிக்கொண்டிருந்தாள், கண் பெரிதாகிக்கொண்டிருந்தது. அவள் மார்பிலும் மஞ்சள் குழாய் தொங்கிற்று. அதை எடுக்கவேண்டும். அவன் அதை எடுக்கவில்லை. அவள் வாயிலிருந்ததையே பிடுங்கினான்.

பிடுங்கித் தன் வாயில் திணித்து இழுத்தான். வந்தது. அப்பாடா, வந்தது. இன்னும் இழுத்தான். இழுத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான்: வாயோரத்தில் சின்னச் சின்னதாய்க் குமிழி விட்டுக்கொண்டு, அவசரப்படாமல், மார்பைத் தடவி மஞ்சள் குழாயைத் தேடி எடுத்து, ஊதித் தண்ணீரை வெளியேற்றிக் கடித்துக்கொண்டாள். இவனுடைய தோள்வாரை முஷ்டியாய்ப் பிடித்தாள். நிரோஷன் பறந்து வந்தான், பார்த்தான், பலூனை மேலே விட்டான். டாக்டரையும், அதற்குள் வளைவைத் தாண்டி வந்துவிட்ட கிழவரையும் தன்னோடு வைத்துக்கொண்டு, நீங்கள் இரண்டு பேரும் ஏறுங்கள் என்று கட்டைவிரலைத் தூக்கினான். ஏறினார்கள். மேலே போகும் வழியில் கொஞ்ச நேரம் நின்று போகவேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் கோளாறு வரும். நின்றார்கள், ஒரே சிலிண்டரில் இரண்டு குழாய், மூக்குக்கு மூக்கு, அவள் முஷ்டி அவன் தோளில். அவளுடைய மீட்டர் அவன் கண்ணுக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்தது. பாதிக்கும் மேலே இருந்தது. இரண்டு பேர் குடித்தும் பாதிக்கும் மேலே. ஆக மொத்தம் அவன் நினைத்தது நடந்துவிட்டது. அவள் பாதியில் ஏறிவிட்டாள், அவனோடு ஏறிவிட்டாள், அந்த டாக்டர் கீழே அவளில்லாமல் கிடக்கிறான். சந்தோஷம் கூட வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். குமிழி இப்போது யாருடையது யாருடையது என்று தெரியாமல் ஒரே கொத்தாய்ப் போயிற்று. அதைக் காட்டலாம் என்று அவள் கண்ணைப் பார்த்தான். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே வெயில் பளீரென்று அடித்தது. சிலிண்டரில் காற்றில்லாததால் அவன் ஜாக்கெட் உப்பவில்லை, வாயாலேயே ஊதவேண்டியிருந்தது. ஊதி முடிக்கும்வரை அவள் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தாள். மிதக்க ஆரம்பித்ததும் கையை எடுத்தாள். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினாள். நெற்றியில் வளையமாய்த் தடம் பதிந்திருந்தது.

"நூறுன்னு காட்டும்போது எவ்வளவுங்க இருந்துச்சு?"

"எண்பத்தஞ்சு இருக்கும்" என்றான் லோகநாதன். இருமல் வந்தது. "தொண்ணூறு கூட இருக்கும்."

அலை அவர்களை ஒரு தரம் தூக்கி இறக்கிற்று. தோணி தூரத்தில் பலூனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

"டாக்டர் குடுத்தாரே."

"நான் பாக்கல."

"தட்டி விட்டீங்க. நான் பாத்துட்டுத்தானே இருந்தேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "தட்டி விட்டீங்க. செத்துப்போயிருந்தா நான் என்னங்க பண்ணுவேன்? பிரியாகிட்ட போய் என்னன்னு சொல்லுவேன்? உங்கப்பா மூச்ச வேண்டாம்னுட்டாருன்னா?"

மன்னிச்சுக்க என்று ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. உப்புத் தண்ணீரோடு அதையும் விழுங்கிவிட்டான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடித்ததும் கோபம் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

"அந்தமான்ல இருந்து எத்தனை தடவை உங்ககூட முங்கியிருக்கேன்? ஒவ்வொரு தடவையும் பாதியிலயே மேல வந்தேனே, ஒரு நாளாவது மூஞ்சி சுளிச்சிருப்பேனா? எனக்கும் கடைசி வரைக்கும் கீழ இருந்து பாக்கோணும்னு ஆசை இருக்காதாங்க? ஒரே ஒரு தடவை. இன்னிக்கு ஒரு நாள்."

எவ்வளவு பெரிய பேச்சு அது. அவளாக வாய் திறந்து இத்தனை நீளம் பேசி அவன் கேட்டதே இல்லை. அதற்குச் சொல்ல அவனிடம் ஏதாவது இருந்திருக்க வேண்டும். ஊருக்குப் போகும்வரை நீ போய்ட்டு வா, நான் தோணியில உக்காந்துக்கறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பயமாயிருக்கு அம்மிணி என்றாவது சொல்லியிருக்கலாம், அது நிஜமும் கூட. அவன் வாயில் வந்தது வேறு.

"அந்த ஆளோடயா?"

சுகந்தி அவனைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தான். அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவள் அழவில்லை, சத்தியம் பண்ணவில்லை. ரொம்ப நேரமாய்த் தூக்கிக்கொண்டு வந்த மூட்டையை இறக்கி வைக்கிறவள் மாதிரி ஒரு மூச்சு விட்டாள்.

"ஆமாங்க" என்றாள். "அவரோடதான்."

ராத்திரி முழுக்க இந்த வார்த்தைக்குத்தான் பயந்தான், வந்துவிட்டது. வந்த உடனே பொய் என்றும் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியவனுக்கு அது கூடவா தெரியாது? டாக்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இல்லீங்க, ஏனுங்க இப்படியெல்லாம் நினைக்கறீங்க என்று சொல்லிச் சொல்லி அவனைச் சமாதானம் பண்ணவேண்டிய இடத்தில் அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். அவன் என்ன நினைத்தாலும் இனி அவளுக்கு ஒன்றுமில்லை.

"நீ பொய் சொல்றே" என்றான். கெஞ்சுகிற குரலாய் இருந்தது. "அம்மிணி, பொய் சொல்றே. இல்லேன்னு சொல்லு. ஒரு தடவை இல்லேன்னு சொல்லு."

"தோணி வருதுங்க" என்றாள் சுகந்தி. காலிலிருந்த துடுப்புகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஏணியைப் பார்த்து அவள்பாட்டுக்கு நீந்திப் போனாள்.